தாண்டினால் கரண்ட் இல்லை

மத்திய சிறை
5.5.2024

அன்புள்ள வளர்மதிக்கு, உன் வீட்டுக்காரன் பச்சமுத்து எழுதுவது.

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் திவ்யாவும், மாடு இரண்டும், நாய் இரண்டும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

போன வாரம் என்னைப் பார்க்க மனு போட்டு வந்து நின்றாய். வலைக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன கேட்கும்? நீ வாயசைத்தாய், நான் தலையாட்டினேன். அதற்காக இரண்டு பஸ் மாறி, பால் கறக்கிற நேரத்தைக் கெடுத்துக்கொண்டு இனிமேல் வராதே. கடிதம் போடு, போதும்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் இங்கே ஒரு ஐயா படித்துவிட்டுத்தான் சீல் குத்துவார். கேஸைப் பற்றி எதுவும் எழுதாதே. நான் ஸ்டேஷனில் சொன்னதுதான் சொன்னது. வேர்க்கடலையில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று வரப்பைச் சுற்றிக் கம்பி இழுத்தது நான். பம்புசெட் கொட்டகையிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுத்ததும் நான். பக்கத்து நிலத்துக் கன்னியப்பன் விடிகாலையில் அதில் கால் வைத்துப் போய்விட்டான். அந்த நேரத்தில் நீ வீட்டு வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாய். இதில் ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். திவ்யா பன்னிரண்டாவது போகப்போகிறாள். வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அதனால் நாய்களைப் பற்றி எழுது. கண்டக்டர் இன்னும் சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று டிக்கெட் கேட்கிற மாதிரி பார்க்கிறானா? பொம்மி இட்லியை வைக்கோல் போரில் புதைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நம்மைப் பார்த்துக் குரைக்கிறாளா? அதைப் படித்தால் எனக்கு இரண்டு நாள் ஓடும்.

திவ்யாவிடம் நைனா கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பச்சமுத்து


உத்திரமேரூர் வழி
14.5.2024

அன்புள்ள மாமாவுக்கு வளர்மதி எழுதிக்கொள்வது.

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியதை நான் நம்பவில்லை. உங்களுக்குக் களி ஒத்துக்கொள்ளாது.

நாயைப் பற்றித்தானே எழுத வேண்டும்? எழுதுகிறேன், கேளுங்கள். பொம்மிக்கு இடி என்றால் ஆகாது என்று தெரியும். போன சனிக்கிழமை மழை வந்தது. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தேன், மண்ணைத் தோண்டி அதற்குள் தலையை மட்டும் விட்டுக்கொண்டு மழை விடுகிற வரை வானத்தைத் திட்டினாள். உள்ளே இருந்து சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. திவ்யா சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

கண்டக்டர் விஷயம் வேறு. தை மாதம் கம்பியில் ஷாக் வாங்கியதிலிருந்து கரண்ட் ஓடுகிற கம்பி என்றால் பத்தடி தள்ளி நிற்பானே, இப்போது எதைக் கண்டாலும் தாண்டுகிறான். தோட்டத்து ரப்பர் குழாயைத் தாண்டுகிறான். வாசலில் நான் போடுகிற கோலத்துக் கோட்டைத் தாண்டுகிறான். துணி காயப்போட்ட கொடியின் நிழல் தரையில் விழுந்தால் அதையும் தாண்டுகிறான். நாலு காலும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு முழம் உயரத்துக்கு. தாண்டிவிட்டுத் திரும்பி என் கையைப் பார்க்கிறான். எதற்கு என் கையைப் பார்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் தாவலை எங்கே கற்றான்?

மங்கம்மா அண்ணி வீட்டில் கன்னியப்பன் அண்ணனுக்குக் காரியம் முடித்தாகிவிட்டது. நமக்குச் சொல்லவில்லை. சொல்லுவார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்மதி


மத்திய சிறை
2.6.2024

அன்புள்ள வளர்மதிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ஜாமீன் கிடைக்கவில்லை, வக்கீல் வஹாப் சொல்லியிருப்பார். பொம்மியை நினைத்து நானும் சிரித்தேன். இங்கே ஆல்பர்ட் என்று ஒருவர் பக்கத்தில் படுக்கிறார், அவருக்கும் படித்துக் காட்டினேன். பொம்மிக்குக் காதில் உண்ணி இருந்ததே, எடுத்துவிட்டாயா? வேப்பெண்ணெய் தடவு. மாட்டுக்குத் தவிடு வாலாஜாபாத்தில் வாங்கு, உள்ளூரில் கல் கலக்கிறான்.

வேறு ஒன்றும் இல்லை.

பச்சமுத்து


உத்திரமேரூர் வழி
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பொம்மி இருக்கிறாள், உண்ணி இருக்கிறது, தவிடு இருக்கிறது. கண்டக்டரைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன், ஒரு வரி பதில் இல்லை. சரி.

ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை என்று வக்கீல் சொன்னார். பங்குனியில் வரப்புச் சண்டையில் நீங்கள் டீக்கடை முன்னால் பத்துப் பேர் கேட்கக் கத்தினீர்களே, "என் வரப்புல கால வெச்சுப் பாரு, உயிரோட திரும்ப மாட்டே" என்று. அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்களாம். அதனால் இது கவனக்குறைவு இல்லையாம், கொலையாம். கோபம் வந்தால் உங்கள் வாய் உங்கள் பேச்சைக் கேட்காது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன்.

"அன்னிக்கிக் காலையில இன்னா நடந்துச்சுன்னு பாத்த ஆளு ஒருத்தராவது இருந்தா, கேஸே வேற மாதிரி போவும்மா" என்றார் வக்கீல். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் இப்போது வீட்டில் தங்குவதில்லை. நாஷ்டா நேரத்துக்கு வந்து வரிசையாக நின்று பார்த்துவிட்டு, நேரே மங்கம்மா அண்ணி வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துவிடுகிறான். கன்னியப்பன் அண்ணன் தினமும் டீக்கடையில் வாங்கும் பொறை பிஸ்கட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்து அவனுக்குப் போடுவார் இல்லையா, அந்தப் பழக்கம். அடித்துத் துரத்துவார்கள் என்று பயந்து கூப்பிடப் போனேன். அண்ணி கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வுட்டுடு. அது இங்கயே கெடக்கட்டும். அதுக்கு இன்னாமோ தெரிஞ்சிருக்குது" என்றார்கள்.

மாமா, அன்று காலையில் நான்

மேலே எழுதியதை அடித்துவிட்டேன். இங்கே பொம்மி நலம்.

வளர்மதி


மத்திய சிறை
30.6.2024

வளர்மதிக்கு,

எத்தனை முறை சொல்வது? நீ அடித்த இடத்தை இங்கே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். புத்தி இருக்கிறதா உனக்கு? நீ உள்ளே வந்தால் பெண்ணை யார் பார்ப்பது? உன் அம்மா இருக்கிறாளா, என் அம்மா இருக்கிறாளா?

கண்டக்டரைக் கட்டிப் போடு. கட்டினால் ஊளையிடுவான் என்றால் புள்ளலூரில் உன் தம்பி தமிழ்வாணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு. மங்கம்மா வாசலில் அவன் படுக்கக்கூடாது. எதைக் கண்டாலும் தாண்டுவதை நாலு பேர் பார்க்கவும் கூடாது. ஏன் என்று கேட்காதே.

பச்சமுத்து


உத்திரமேரூர் வழி
21.7.2024

அன்புள்ள மாமாவுக்கும், இதைப் படித்துச் சீல் குத்துகிற ஐயாவுக்கும் வளர்மதி எழுதுவது. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி கண்டக்டரைத் தம்பி மினி வேனில் புள்ளலூருக்கு ஏற்றிப் போனான். மூன்றாம் நாள் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று போன் வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் இங்கே வந்து நிற்கிறான். காஞ்சிபுரத்தைத் தாண்டி, ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் இறங்கி ஏறி எப்படித்தான் வந்தானோ. உள்ளங்கால் தோல் உரிந்து ரத்தம். வந்தவன் முதலில் நம் வீட்டுக்கு வரவில்லை. மங்கம்மா அண்ணி வாசலில் போய் விழுந்தான். அண்ணிதான் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள்.

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள். கொலை என்றுதான் போட்டிருக்கிறார்கள். திவ்யா அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "நைனா வேணும்னே பண்ணாராம்மா?" என்று கேட்டாள். என் பெண் என்னிடம் கேட்டாள் மாமா. நான் இல்லை என்றேன். "உனக்கு எப்படித் தெரியும், நீதான் வூட்டுல சாணி தெளிச்சிக்கினு இருந்தியே" என்றாள்.

இனிமேல் முடியாது. எழுதுகிறேன். ஐயா நிதானமாகப் படிக்கட்டும்.

அன்று நான் வீட்டில் இல்லை. மாட்டுக்குப் புல் அறுக்கக் கூடையோடு நிலத்துக்குப் போயிருந்தேன். கண்டக்டர் கூட வந்தான். நீங்கள் பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போயிருந்தீர்கள். போகிற வழியில் கொட்டகையில் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போவது உங்கள் வழக்கம். நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைத்தேன். கன்னியப்பன் அண்ணன் மண்வெட்டியோடு மடை திறக்க வந்தார். நம் நிலத்தில் குறுக்கே போனால் அவருக்கு அரை பர்லாங் மிச்சம். உங்களோடு பேச்சு இல்லை, என்னோடு உண்டு. "கம்பியில கரண்ட் ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஷாக் வாங்கிய நாய் கரண்ட் ஓடினால் கிட்டே வராது, ஓடாவிட்டால் தாண்டும். அவன் தாண்டினால் கரண்ட் இல்லை. நாமும் ஐந்தாறு தடவை பார்த்தோம், ஒரு தடவையும் தப்பவில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொறையை எடுத்துப் பாதி உடைத்து நிலத்துக்குள்ளே போட்டார். கண்டக்டர் ஒரே தாவாகத் தாவிப் போய்த் தின்றான்.

நான் சொன்னேன், "கரண்ட் இல்லண்ணே, அதான் கண்டக்டரே தாண்டிட்டானே, நீ போ."

அவர் சிரித்தார். "லைன்மேன்கூட இம்மாம் கரெக்டா சொல்ல மாட்டான்" என்றார். ஈரக் காலால் கம்பியை அழுத்தினார்.

கொட்டகை நாற்பது அடி. முன்பே நாற்பது அடி நடந்து சுவிட்சைப் பார்த்திருக்கலாம். பிறகு ஓடித்தான் போய் இழுத்தேன். நீங்கள் காலிக் கேனோடு வந்து பார்த்துவிட்டு, "வூட்டுக்குப் போ, நீ இங்க வர்ல" என்றீர்கள். நான் போனேன். அதுதான் என் பெரிய தப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

வளர்மதி


உத்திரமேரூர் வழி
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. கடிதம் வந்து சேர்ந்ததா, கிழித்துப் போட்டார்களா, நீங்கள் கோபமா, உடம்பு சரியில்லையா? ஒன்றும் தெரியாமல் இருப்பது பெரிய பேஜாராக இருக்கிறது.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். கண்டக்டர் தாண்டிய பிறகுதான் கரண்ட் வந்திருக்கும், நடுவில் போயிருக்கும் என்று இத்தனை நாளாக என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் லைன்மேன் பெஞ்சமினைக் கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்துச் சொன்னார், அன்று காலை ஒரு நிமிடம்கூடக் கரண்ட் போகவில்லை.

அப்படியென்றால் அவன் எப்படித் தாண்டினான்? கரண்ட் ஓடுகிற கம்பியை அந்த நாய் எப்படித் தாண்டியது? நான்தான் சரியாகப் பார்க்கவில்லையா? அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் அதுதான், மாட்டுக்கு அடியில் உட்கார்ந்தால் அதுதான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. தெரிந்தால் சொல்லுங்கள்.

வளர்மதி


மத்திய சிறை
27.8.2024

அன்புள்ள வளருக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கடிதம் வந்தது. நான்தான் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஆல்பர்ட் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணு எழுது, இல்ல தூங்கு" என்று திட்டினார்.

நீ சரியாகத்தான் பார்த்தாய். அவன் தாண்டினான். நான்தான் பழக்கினேன்.

தையில் ஷாக் வாங்கியதிலிருந்து காவலுக்கு என்னோடு வராமல் கம்பிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். தனியாக உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. டீக்கடையில் ஒரு பாக்கெட் பொறை வாங்கிவந்தேன். முதலில் தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அந்தப் பக்கம் பொறையைப் போட்டேன். தாண்டினான். கயிற்றை உயர்த்திக் கட்டினேன். தாண்டினான். பதினைந்து நாளில் கம்பியில் கரண்ட் ஓடும்போதே, பொறை அந்தப் பக்கம் விழுந்தால் கம்பி படாமல் தாவப் பழகிவிட்டான். தாவிவிட்டுத் திரும்பி என் கையைப் பார்ப்பான், அடுத்த பொறைக்கு. நீ முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தாய். அதனால்தான் உண்ணியைப் பற்றி எழுதினேன்.

அவன் தாண்டினால் கரண்ட் இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான், அதைக் கெடுத்ததும் நான். கெடுத்ததைச் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. கரண்ட் கம்பியில் நாயை விட்டு விளையாடுகிறேன் என்று தெரிந்தால் நீ கத்துவாய். ஒரு நாள் கத்தலுக்குப் பயந்தேன் வளரு.

அன்று சுவிட்சை நிறுத்தாமல் போனதும் நான். பால் வண்டி ஹாரன் கேட்டது. வந்து நிறுத்திக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடச் சொன்னேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அது பாதிதான். நீ வாயைத் திறந்தால் நாய் ஏன் தாண்டியது என்று கேட்பார்கள் இல்லையா. அதற்குப் பயந்தேன். கொலைகாரன் என்று உலகம் சொல்வதைவிட, நீ இதைத் தெரிந்துகொள்வதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இனி உன் இஷ்டம்.

பச்சமுத்து


உத்திரமேரூர் வழி
8.9.2024

மாமாவுக்கு வளர்மதி எழுதுவது.

நலம் விசாரிக்கிற பகுதியை நீங்களே எழுதிப் படித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த அன்று மாடு கறக்கவில்லை. இரண்டும் கத்திக்கொண்டே இருந்தன. திவ்யா வந்து கறந்தாள். ஐந்து மாதம் மாமா. ஐந்து மாதமாக என் கண்ணை நானே சந்தேகப்பட்டேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து தவிட்டில் கல் இருக்கிறது என்று எழுதினீர்கள்.

மறுநாள் உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மங்கம்மா அண்ணி வீட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, அன்று நடந்ததை நானே சொல்லி, உங்கள் கடைசிக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கண்டக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்தான்.

அண்ணி அழவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் அன்று போட்டிருந்த சட்டை. பையில் கைவிட்டு எடுத்துக் காட்டினார்கள். பாதிப் பொறை. காய்ந்து கல்லாகியிருந்தது. "ஆஸ்பத்திரில குடுத்த அன்னிக்கே பாத்தேன். மீதிப் பாதிய யாருக்குப் போட்டாருன்னு அன்னியிலேருந்து யோசிச்சிக்கினுதான் கீறேன். இந்த நாய் அங்க இருந்துச்சுன்னா உங்க வூட்டு ஆளும் அங்க இருந்துக்கீது. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். அஞ்சு மாசம் ஆச்சு உனக்கு" என்றார்கள்.

பிறகு கிணற்றுக் கயிற்றை எடுத்து, ஒரு முனையை வேப்பமரத்திலும் இன்னொரு முனையைக் கட்டில் காலிலும் முழங்கால் உயரத்துக்குக் கட்டினார்கள். கடையில் ஒரு பாக்கெட் பொறை வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிவந்தேன். ஒரு பொறையைப் பாதியாக உடைத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். கண்டக்டர் எழுந்தான், ஒரே தாவு. தின்றுவிட்டுத் திரும்பி அண்ணி கையைப் பார்த்தான். இன்னொரு பாதி. தாவினான். இன்னொன்று. கால் புண் இன்னும் ஆறவில்லை, தாவும்போதெல்லாம் தரையில் ரத்தம் பட்டது, ஆனாலும் தாவினான். பாக்கெட் தீருகிற வரைக்கும் அண்ணி போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் போதும் அண்ணி, போதும் அண்ணி என்றேன். காதில் விழவில்லை. கடைசிப் பொறை தீர்ந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். "நாயப் பாத்தா கால வெச்சே, நாயப் பாத்தா" என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு அழுதார்கள். நான் கிட்டே போகவில்லை. கண்டக்டர்தான் போய் அவர்கள் கையை மோந்து பார்த்தான்.

நான் கிளம்பும்போது அண்ணி கூப்பிட்டார்கள். "கோர்ட்டுல சொல்லப் போறியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "சொல்லு. அவன் வேணும்னு பண்ல, அத்தயும் சொல்லு. பொய்க் கேஸ்ல ஒருத்தன் உள்ள கெடக்கிறது எனக்கு வாணாம். கேட்டா நானும் வந்து சட்டையக் காட்றேன்" என்றார்கள்.

நான் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார்கள். "மங்கம்மா மன்னிச்சிட்டான்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க, ரெண்டு பேரும். நான் மன்னிக்கல" என்றார்கள்.

கண்டக்டரைத் தன் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

வரும் பதினெட்டாம் தேதி வக்கீல் என்னை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார். எனக்கும் கேஸ் வரும் என்கிறார். திவ்யாவைத் தம்பி பார்த்துக்கொள்வான், பேசிவிட்டேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுப் போய்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டாள்.

வளர்மதி


மத்திய சிறை
19.9.2024

அன்புள்ள வளருக்கு,

நேற்று நீ சொல்லிவிட்டதாக வக்கீல் வந்து சொன்னார். நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன், பொறையிலிருந்து பால் வண்டி ஹாரன் வரைக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "எவ்ளோ நாளு உள்ள இருக்கணும்னு எனக்குத் தெரியாது" என்றார். நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் வரும்போது நீ வீட்டில் இருப்பாயா என்று தெரியவில்லை. இல்லாவிட்டால் திவ்யா படிக்கட்டும். திவ்யா, காதில் விழுகிறதா? பொம்மிக்கு வேளைக்குச் சோறு வை. அவள் இட்லியைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடு, பாவம்.

மங்கம்மா வீட்டுப் பக்கம் போனால் கண்டக்டரைக் கூப்பிடாதே. அவன் எழுந்து வருவான், வழியில் எது கிடந்தாலும் தாண்டித்தான் வருவான். அதை அவர்கள் இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

நைனா
பச்சமுத்து